கண்டத்தில் 400 கோடி வருடப் பாறை, கடலடியில் 18 கோடிதான்: மீதி எங்கே போனது?

யாழினி (கேள்வி):
உலகக் கடலடியின் வயதை நிறம் நிறமாகக் காட்டும் படம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்ததிலிருந்து வேறு வேலையே ஓடவில்லை. அட்லாண்டிக்கின் நடுவே புதுப் பாறை, இரு கரைகளையும் நோக்கிப் போகப் போகப் பழசு. அதுவரை சரி. ஆனால் மேற்குப் பசிபிக்கில் இருக்கும் மிகப் பழைய தரைக்கே கிட்டத்தட்ட 18 கோடி வயதுதான். கனடாவின் அகாஸ்டா பாறைக்கோ 400 கோடி! கடல் அவ்வளவு பழசு என்றால் அதன் பழைய தரை எங்கே? அப்புறம் இன்னொன்று: நடுக்கடல் மலைத்தொடர் ஏன் உயர்ந்து நிற்கிறது? எரிமலைக் குழம்பு குவிந்து குவிந்தா?

மணல்மேடு:
அகழி வழியாகப் பூமிக்குள்ளே போய்விட்டது. அகழி என்றால் கடலடி வளைந்து உள்ளே இறங்கும் நீண்ட, ஆழமான பள்ளம். மரியானா, டோங்கா, பெரு-சிலி அகழிகள் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. கண்டப் பாறை லேசானது, எளிதில் அமிழாது. அதனால் கிழடாகும்வரை மேலேயே கிடக்கிறது.

பழம்பாறை:
முதல் கேள்விக்கு அது போதும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அந்த மலைத்தொடர் குவிந்ததால் உயரவில்லை, சூடாக இருப்பதால் உயர்ந்திருக்கிறது.

அதன் முகடு சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே பிறந்த தரை விலகிப் போகப் போகக் குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. 10 கோடி வருடத்தில் ஆழம் 5,000 மீட்டரைத் தாண்டிவிடும். கிழக்குப் பசிபிக்கில் சில இடங்களில் தட்டுகள் (பூமியின் மேற்பரப்பு பிரிந்திருக்கும் பெரும் பாறைத் துண்டுகள்) வருடத்துக்கு 15 செ.மீ. வரை விலகுகின்றன, அதனால் சரிவு அகலமாக, மெத்தென்று இருக்கும். வட அட்லாண்டிக்கில் இரண்டரை செ.மீ. அளவுதான், அங்கே சரிவு கரடுமுரடாக, செங்குத்தாக விழும். உங்கள் படத்தில் நிறப்பட்டைகளின் அகலத்தைப் பாருங்கள், அங்கேயே தெரியும்.

இந்தத் தாழ்வுக்கு ஒரு நல்ல தடயம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் போக்குவரத்துக் கப்பல் ஒன்றின் தலைவராக இருந்த நிலவியலாளர் ஹாரி ஹெஸ், எதிரொலி ஆழமானியை ஓடவிட்டுக்கொண்டே பசிபிக்கைக் கடந்தார். தலை தட்டையான கடலடி மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. அலை அடிக்காமல் தலை அப்படித் தட்டையாகாது. ஆனால் அவை இருப்பதோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில்! ஒரு காலத்தில் எரிமலைத் தீவுகளாக வெளியே நின்றவை, அலை அரித்தபின் தரையோடு சேர்ந்து கீழே போய்விட்டன. கடலடி விரிகிறது என்று 1962-இல் எழுதியவரும் இதே ஹெஸ்தான்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகப் படங்களில் குழம்பு பொங்கித் தட்டுகளை இரு பக்கமும் தள்ளுவதுபோல் அம்பு போடுகிறார்கள். முக்கிய விசை மறுமுனையில் இருக்கிறது. குளிர்ந்த தட்டு, கீழுள்ள சூடான கவசத்தைவிட (ஓட்டுக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்கு) கனத்துவிடும். அகழியில் தன் எடையாலேயே இறங்கி, பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். நீண்ட அகழிகள் கொண்ட பசிபிக் தட்டு வேகமாக நகர்வதற்குக் காரணம் இதுதான். இறங்கும் தட்டில் ஏறக்குறைய 700 கி.மீ. ஆழம்வரை நிலநடுக்கம் பதிவாகிறது, ஆக அது உண்மையிலேயே உள்ளே போகிறது.

யாழினி:
அப்படியானால் அட்லாண்டிக்கின் ஓரங்களில் பழைய, கனத்த தரை இருந்தும் ஏன் அகழி இல்லை?

பழம்பாறை:
சரியான பிடி. போர்ட்டோ ரிக்கோ, தெற்கு சாண்ட்விச் பக்கங்களைத் தவிர மற்ற ஓரங்களில் கடலடியும் கண்டமும் ஒரே தட்டு. கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த பாஞ்சியா பிளந்தபோது சேர்ந்தே நகரத் தொடங்கியவை. கனத்தால் மட்டும் போதாது, தட்டு அங்கே முறியவும் வேண்டும். அந்த முறிவு எப்படித் தொடங்குகிறது என்பதில் நிலவியலாளர்களுக்குள் இன்றும் சண்டைதான்.

மணல்மேடு:
முழுசாக விழுங்கப்பட்ட கடல் வேண்டுமா? இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ். அதன் தரை போய் முடிந்து, சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் மோதியது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடல் உயிரினங்களின் எச்சம் கலந்த சுண்ணாம்புக்கல். ஆனாலும் எல்லாமே உள்ளே போகவில்லை. ஓமன் மலைகளில் டெதிஸின் தரை ஒரு பெரிய துண்டாக மேலே ஏறிக் கிடக்கிறது. கடலடி ஓடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லைமேல் அங்கே நடந்தே போகலாம்.