ஆபீஸுக்குப் போகிற வழியில் காசா, நேரமா? உங்க அனுபவம்?

ஊரப்பாக்கத்தான்:

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். சென்னை கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். முன்னாடி ஈக்காட்டுத்தாங்கல்ல குடியிருந்தோம். வாடகை 19,000. ஆபீஸுக்கு நடந்து போனா இருபது நிமிஷம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, தாம்பரத்தைத் தாண்டி இருக்கிற ஊரப்பாக்கத்துக்கு மாறினோம். அதே அளவு வீடு, கூடவே ஒரு பால்கனி, வாடகை 9,000. சீசன் டிக்கெட், ஸ்டேஷன்ல வண்டி ஸ்டாண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைக் கழிச்சாலும் மாசம் 9,000 மிச்சம்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? எக்செல் போட்டேன். போக வர சேர்த்து தினமும் ரெண்டு மணி நேரம் கூடுதலாப் போகுது. 25 நாளைக்கு 50 மணி நேரம். 9,000-ஐ 50-ஆல வகுத்தா மணிக்கு 180 ரூபாய். என் சம்பளத்தைப் பிரிச்சுப் பார்த்தா மணிக்கு 168தான் வருது. அதாவது ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறதைவிட ரயில்ல நிக்கிறதுக்கு எனக்குக் கூலி அதிகம்! பெருமையா வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன்.

அவ முழுசாப் பார்த்தா. "உங்க நேரத்துக்கு 180 போட்டிருக்கீங்க. ஆறே முக்கால் ரயிலுக்கு டப்பா கட்டணும்னு நான் நாலரைக்கு எழுந்திரிக்கிறேனே, அதுக்கு எந்தக் கட்டத்துல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

அதுக்குக் கட்டமே இல்ல. பதினஞ்சு வருஷமா ஆடிட்டுக்குக் கணக்கு தயார் பண்றவன் நான்.

இன்னொரு விஷயம். ரயில் நேரம் எல்லாம் ஒரே நேரம் கிடையாது. செங்கல்பட்டுல இருந்து வர்ற வண்டி ஊரப்பாக்கம் வரும்போதே நிரம்பிடும். அதனால நான் தாம்பரத்துல இறங்கி, அங்கிருந்தே சென்னை பீச் ஸ்டேஷனுக்குக் கிளம்புற லோக்கல்ல ஏறுவேன். பன்னிரண்டு நிமிஷம் தண்டம், ஆனா சீட் உறுதி. பன்னிரண்டு நிமிஷம் கொடுத்து ஒரு சீட் வாங்குறேன்னு வெச்சுக்கோங்க. தாம்பரம் பிளாட்பாரத்துல என்னை மாதிரி ஒரு முப்பது பேர் தினமும் இதே வியாபாரம் பண்றாங்க. முகம் தெரியும், பேர் தெரியாது. ஒருத்தர் வரலைன்னா மட்டும் கண்ணு தேடும்.

2025 ஏப்ரல்ல ஏசி லோக்கல் வந்தப்போ ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். சாதாரண லோக்கல்ல குறைஞ்ச டிக்கெட் 5 ரூபாய், இதுல 35. பீச்சுல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் போனா 105. கதவு தானா மூடுது, சட்டை கசங்கல. ஆனா நேரம்னு பார்த்தா பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. அடிக்கடியும் வராது, அதோட நேரத்துக்கு நாமதான் வளையணும். வெயில் காலத்துக்கு ஓகே.

சோழிங்கநல்லூர் சிக்னல்:

எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது எங்க பில்டிங்ல ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற ஒரு அக்கா. அவங்க பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல இருக்காங்க. எனக்கும் அவங்களுக்கும் தரமணியிலதான் வேலை. காலையில சோழிங்கநல்லூர் ஸ்டாப்ல சேர்ந்து நிப்போம்.

நான் எந்த பஸ் வந்தாலும் ஏறிடுவேன், ஏசின்னா இன்னும் சந்தோஷம். அவங்க டீலக்ஸை விடுவாங்க, ஏசியை விடுவாங்க, பிங்க் பஸ் வர்ற வரைக்கும் அசைய மாட்டாங்க. 2021 மே மாசத்துல இருந்து அந்த சாதாரண கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதே, அதுக்காகத்தான். ஒரு நாள் வாய் சும்மா இல்லாம கேட்டுட்டேன்: "அக்கா, இருபத்தஞ்சு ரூபாய்க்குப் பார்த்து நாப்பது நிமிஷம் வீணாக்குறீங்களே?"

"போக வர அம்பது ரூவா. மாசம் 1,300. சிலிண்டர் போட்டு மிச்சத்துல அரிசியும் வாங்கிடுவேன். நீ சொல்ற அந்த நாப்பது நிமிசத்தை எடுத்துக்கிட்டுப் போய் யாருகிட்ட குடுத்தா எனக்கு இருபத்தஞ்சு ரூவா தருவாங்க? சொல்லு, போறேன்."

என்கிட்ட பதில் இல்ல. எனக்கும் அந்த நாப்பது நிமிஷத்துக்கு யாரும் காசு தரப் போறதில்ல. சீக்கிரம் போனா கேன்டீன்ல காபி குடிச்சுக்கிட்டு ரீல்ஸ் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஆனா அவங்க கண்ணை மூடிக்கிட்டு காத்திருக்கிற ஆள் இல்ல. மணி ஏழேகாலைத் தாண்டினா எந்த பஸ் வந்தாலும் முதல் ஆளா ஏறிடுவாங்க. பத்து நிமிஷம் லேட்டானா சூப்பர்வைசர் அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சுடுவாராம். ஏழேகால் வரைக்கும் காசுதான் பெருசு, ஏழேகாலுக்கு அப்புறம் நேரம்தான் பெருசு. எங்க டீம்ல எம்பிஏ படிச்சவங்க இருக்காங்க, ஒருத்தருக்கும் இவ்வளவு தெளிவு கிடையாது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அவங்க முன்னாடி அடையாறு ஆத்தோரம்தான் இருந்தாங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி வேலைக்கு நடந்தே போய் வந்தாங்களாம், பஸ்ஸும் இல்ல, காத்திருப்பும் இல்ல. நீங்க பால்கனி பார்த்துட்டு ஊரப்பாக்கம் போனீங்க. அவங்களை யாரும் கேக்கல.

இப்போ நாங்க போற ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) மெட்ரோ வேலை நடக்கிறதால ரோடு பாதிதான். பிங்க் பஸ்ஸோ ஏசி பஸ்ஸோ, எல்லாம் ஒண்ணா நின்னுதான் நகருது.

வேளச்சேரி லோக்கல்:

நம்ம கதை சின்னது. பாரிமுனையில வேலை, பீச் ஸ்டேஷன் பக்கம். பறக்கும் ரயில் இருக்கிற தைரியத்துலதான் வேளச்சேரியில வீடு பார்த்தேன். 2023 ஆகஸ்ட்ல பீச்-எழும்பூர் நாலாவது ரயில் பாதை வேலைக்காக சிந்தாதிரிப்பேட்டையோட ரயிலை நிறுத்தினாங்க. மறுபடி பீச் வரைக்கும் ஓடினது 2024 அக்டோபர் கடைசியிலதான். நடுவுல என்ன பண்றது? நண்பன் பேச்சைக் கேட்டு பைக்ல கிளம்பினேன். மூணு வாரத்துல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பெட்ரோலுக்குக் கொடுத்ததைவிட பிசியோகாரருக்குக் கொடுத்தது அதிகம். அப்புறம் சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி நடக்க ஆரம்பிச்சேன், நல்லா வேகமா நடந்தா முக்கால் மணி நேரம். ஷேர் ஆட்டோ காசும் மிச்சம், எடையும் நாலு கிலோ குறைஞ்சுது. ரயில் முழுசா ஓட ஆரம்பிச்சதும் நடை போச்சு, நாலு கிலோவும் வட்டியோட வந்து சேர்ந்துடுச்சு. இதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு அக்கவுண்ட்ஸ் அண்ணாதான் சொல்லணும்.

ஊரப்பாக்கத்தான்:

நாலு கிலோவைத் தேய்மானத்துல எழுத முடியாது தம்பி, அது சொத்து கூடின கணக்கு.

சிக்னல் மேடம், அந்த அக்கா சொன்னதை வீட்டுல படிச்சுக் காட்டினேன். "இவங்கதான் சரியான ஆளு"ன்னா.

நானும் சொல்லாம விட்ட மீதியைச் சொல்லிடறேன். அந்த எக்செல் சண்டைக்கு அப்புறம் மதிய டப்பாவை நிறுத்திட்டேன். எஸ்டேட்ல ஒரு மெஸ் இருக்கு, அளவு சாப்பாடு 70 ரூபாய். ரசம் சுமார், மோர் தண்ணி, ஆனா வியாழக்கிழமை வத்தக்குழம்பு நல்லா இருக்கும். காலை டிபனும் தாம்பரத்துல ரெண்டு இட்லியோட முடிஞ்சுடும். அவ இப்போ ஆறு மணி வரைக்கும் தூங்குறா. நான் கதவைச் சாத்திட்டுக் கிளம்புறது பாதி நாள் அவளுக்குத் தெரியாது.

மெஸ்ஸுக்கு மட்டும் மாசம் 1,750. அதைக் கழிச்சா மிச்சம் 7,250, மணிக்கு 145. சம்பளக் கூலியைவிடக் கீழ போயிடுச்சு, அதாவது என் ஃபார்முலாப்படி பார்த்தா நான் ஊரப்பாக்கத்துல இருக்கிறதே நஷ்டம். இந்தத் திருத்தின எக்செல்லை இன்னும் வீட்டுல காட்டல.