"சாப்பி பிளேபேக்" தமிழ்ல என்ன? நாளைக்குள்ள வேணும்

எழுதியவர்: மொழியாக்கத் தம்பி

வணக்கம். ஒரு வீடியோ கன்வெர்ட்டரோட உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிட்டிருக்கேன், நாளை ராத்திரிக்குள்ள கொடுத்தாகணும். கடைசி அத்தியாயத்தோட தலைப்பே "சாப்பி பிளேபேக்". கையடக்கக் கருவிக்காக மாத்தின வீடியோ விட்டுவிட்டு, வெட்டி வெட்டி ஓடுறதைச் சொல்றாங்க. பிளேபேக்குக்கு 'ஓட்டம்', ஃபிரேமுக்கு (வீடியோவுல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு தனிப்படம்) 'சட்டகம்'னு ஏற்கெனவே போட்டாச்சு. சாப்பிக்கு திக்கல், திணறல், துள்ளல்னு மூணு கையில இருக்கு. எது சரி?

எழுதியவர்: யாப்புப்பித்தன்

துள்ளல் வேண்டவே வேண்டாம் தம்பி. துள்ளல் கலிப்பாவோட ஓசை, அது குத்தம் இல்ல, அழகு. படம் துள்ளலா ஓடுதுன்னா நல்லா ஓடுதுன்னுதான் படிக்கிறவன் நினைப்பான். நம்ம யாப்புலயே இதுக்குச் சரியான பேச்சு இருக்கே, தளை தட்டுது! செய்யுள்ல சீர்ங்கிற சொல்துண்டு ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருக்கும், ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவுலதான் கோளாறு. மாச்சீருக்கு அடுத்து நிரை அசை வரவேண்டிய இடத்துல நேர் அசை வந்து உட்கார்ந்தா வெண்பா எப்படி இடறுதோ அதேதான் இங்கயும். சட்டகம்தான் சீர், நடுவுல உள்ள நேரம்தான் தளை.

எழுதியவர்: வழுநீக்கி

ஐயா சொன்னது அருமை, ஆனா பாதி கேஸுக்குத்தான் பொருந்தும். சொல்லுக்கு முன்னாடி கோளாறு எதுன்னு பார்த்துடலாம், ஏன்னா மூணு வேற வேற விஷயத்தை இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையில அடைச்சு வச்சிருக்கான். ஒண்ணு, கருவியால டிகோட் பண்ண, அதாவது சுருக்கி வச்ச வீடியோவைப் பிரிச்சுப் படமாக்க முடியல, எச்.264ங்கிற சுருக்கமுறையோட எளிய வகையான பேஸ்லைன் புரொஃபைலுக்குன்னு செஞ்ச கருவியில அதைவிடச் சிக்கலான ஹை புரொஃபைல் ஃபைலைப் போட்டா ஹார்டுவேர் கைவிட்டுடும், சிபியு தனியா மல்லுக்கட்டும், சத்தம் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், படம் மட்டும் சட்டகத்தை முழுங்கிட்டு முழுங்கிட்டு ஓடும். இன்னொண்ணு, மெமரி கார்டுலேர்ந்து டேட்டா வர்ற வேகம் பத்தல, பஃபர் (முன்கூட்டியே சேர்த்து வைக்கிற டேட்டா) காலியாகி படமும் சத்தமும் சேர்ந்தே நிக்கும். மூணாவதுதான் ஐயாவோட தளை தட்டல். நொடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தை கன்வெர்ட்டர்ல 30ன்னு வச்சு மாத்தினா மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும், நாலு சட்டகத்துக்கு ஒண்ணை ரெண்டு தடவை போட்டு அஞ்சாக்கும். மத்ததெல்லாம் 33 மில்லிசெகண்ட் நிக்க அது மட்டும் 66 நிக்கும். கேமரா மெதுவா ஒரு பக்கமா நகர்ற காட்சியில பாருங்க, நொடிக்கு ஆறு தடவை இடிச்சு இடிச்சுப் போகும். இது ஃபைலுக்குள்ளயே பதிஞ்சுபோன கோளாறு, கருவி மேல ஒரு தப்பும் இல்ல.

பிரிச்சுப் பார்க்கிறது சுலபம். மாத்தின ஃபைலை கம்ப்யூட்டர்ல ஓட்டுங்க. அங்கயும் இடிச்சா கன்வெர்ஷன்ல தப்பு, மூலத்துல இருக்கிற சட்டக வேகத்தையே அப்படியே வச்சு மறுபடி மாத்தணும். அங்க வழவழன்னு ஓடினா கருவியால தாங்கல, படத்தோட அளவையும் பிட்ரேட்டையும் (நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கிறது) குறைங்க.

எழுதியவர்: வகுப்பறை

திக்கலை எடுத்துடுங்க. நான் பாடம் எடுக்கிறவ. திக்கிப் பேசுற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற வகுப்புல "இந்தப் படம் திக்குது பாருங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன், மத்த பிள்ளைங்க யாரைத் திரும்பிப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியும். திணறல் போதும், எட்டாம் வகுப்புக்கும் புரியும்.

எழுதியவர்: தூயோன்

மூணு பேரும் வீடியோ, ஃபைல், கேஸ்னு எழுதிட்டு ஒரே ஒரு சாப்பியைத் தமிழாக்கப் போறீங்களாக்கும். முதல்ல காணொளின்னு எழுதுங்க.

எழுதியவர்: யாப்புப்பித்தன்

காணொலி. ஒலியும் இருக்குல்ல.

எழுதியவர்: தூயோன்

ஒலியை எப்படி ஐயா காண்றது? காண்பது ஒளியை.

எழுதியவர்: வகுப்பறை

கையெடுத்துக் கும்பிடுறேன், இதை இங்க கிளப்பாதீங்க. தம்பிக்கு நாளைக்குக் கெடு.

எழுதியவர்: யாப்புப்பித்தன்

சரிம்மா விட்டுட்டேன். ராத்திரி தூக்கம் வராம தொல்காப்பியச் செய்யுளியலைப் புரட்டினேன், வண்ணம், அதாவது பாட்டோட சந்த வகை, இருபது சொல்ற இடத்துல கிடைச்சுது பாருங்க: "அகைப்பு வண்ணம் அறுத்தறுத் தொழுகும்". அறுத்தறுத்து ஒழுகும்! சாப்பிக்கு இதைவிட என்ன வேணும்? அகைத்தல்னா அறுத்தல். எதிர்ச்சொல்லும் அங்கயே இருக்கு, "ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்". அப்போ சீரா ஓடினா ஒழுகோட்டம், வெட்டி வெட்டி ஓடினா அகைப்போட்டம். ஜோடியா அமையுற கலைச்சொல் லேசுல கிடைக்காது.

எழுதியவர்: தூயோன்

முதல்முறையா ஐயாவோட ஒத்துப்போறேன். அகைப்போட்டம். முடிஞ்சுது.

எழுதியவர்: வழுநீக்கி

முடியல. முதல்ல, துள்ளல் அழகு, குத்தம் இல்லன்னு தள்ளினது ஐயாதானே? வண்ணமும் அழகுதான், இப்போ மட்டும் அது எப்படிக் குத்தத்துக்குப் பேராகும்? ரெண்டாவது, 'அகைப்பு'ங்கிறதைச் சின்ன எழுத்துல மெனுவுல போட்டுப் பாருங்க, எல்லாரும் 'அமைப்பு'ன்னுதான் படிப்பாங்க. மென்பொருள்ல அமைப்புன்னா செட்டிங்ஸ். சரிபார்க்கிறவங்க எழுத்துப்பிழைன்னு 'ஓட்ட அமைப்பு'ன்னு திருத்தி அனுப்பிடுவாங்க, பயனர் அங்க போய் வால்யூமைத் தேடுவார்.

எழுதியவர்: யாப்புப்பித்தன்

படிக்கத் தெரியாதவனுக்காகச் சொல்லைக் கொல்லணுமா? "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே". நாலு தடவை கண்ணுல பட்டா அஞ்சாவது தடவை பழகிடும், மென்பொருள்ங்கிற சொல்லும் அப்படித்தானே பழகிச்சு?

எழுதியவர்: வகுப்பறை

மென்பொருள் பழகினதுக்குக் காரணம் மென்மையும் பொருளும் முன்னாடியே எல்லாருக்கும் தெரியும் ஐயா. அகைப்பை நான் முதல்ல விளக்கணும், அப்புறம்தான் பாடத்துக்கே வர முடியும். படம் நின்னு நின்னு ஓடுதுன்னு எரிச்சலோட உதவிப் பக்கத்தைத் திறக்கிறவர் உரையாசிரியரைத் தேடிப் போவாரா?

எழுதியவர்: மொழியாக்கத் தம்பி

எல்லாருக்கும் நன்றி. தலைப்புல 'ஓட்டத் திணறல்'னு போடுறேன். மூணு பேராவது ஒத்துக்கிட்ட மாதிரி தெரியுது, இல்ல களைச்சுப்போய் பேசாம இருக்கீங்களான்னும் தெரியல.

எழுதியவர்: வழுநீக்கி

நான் ஒத்துக்கல. 24ஐ 30 ஆக்கின கேஸ்ல கருவி எங்க திணறுது? கொடுத்ததை ஒழுங்கா ஓட்டிட்டிருக்கு. திணறல்னு எழுதினா ஆள் கருவியைத்தான் சந்தேகப்படுவான், ரெசல்யூஷனைக் குறைச்சுக் குறைச்சுப் பார்ப்பான், கோளாறு அப்படியே இருக்கும். அந்தப் பத்திக்கு மட்டுமாவது 'சட்டக இடறல்'னு வைங்க.

எழுதியவர்: மொழியாக்கத் தம்பி

சரி அண்ணா, அந்தப் பத்தியில மட்டும் இடறல். தலைப்பு மாறாது, பொருளடக்கம் ஏற்கெனவே போயிடுச்சு.

எழுதியவர்: யாப்புப்பித்தன்

சொல்லடைவுல அகைப்புக்கு ஒரு வரியாவது இடம் கொடு தம்பி. அடைப்புக்குறிக்குள்ள போட்டாலும் சரி.

எழுதியவர்: தூயோன்

சொல்லடைவுல 'வீடியோ'ன்னு இருக்கா?