கோழிக்கு ஆன்டிபயாட்டிக்கை விட்டுட்டு புரோபயாட்டிக் மட்டும் போதுமா?

புழல் ஏரிக்கரை:
வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல 150 நாட்டுக்கோழி. போன மாசம் பச்சையா தண்ணி மாதிரி கழிஞ்சு 11 போச்சு. மருந்துக் கடையில வழக்கமான ஆன்டிபயாட்டிக் என்ரோஃப்ளாக்சசின் குடுத்தாங்க. கூடவே ஒரு பாக்கெட்டை நீட்டி, "நல்ல பாக்டீரியா, தண்ணில கலந்து விடுங்க, இனிமே ஆன்டிபயாட்டிக்கே வேணாம்"னாங்க. நம்பலாமா?

கொடுங்கையூர்க்காரன்:
காசைக் கரைக்காதீங்கண்ணே. நான் 20 வருஷம் தீவனம் வித்தவன். டாக்ஸிசைக்ளின் போட்டா மூணாம் நாள் எச்சம் கெட்டியாகும். இதைப் போட்டா மூணாம் நாள் பாக்கெட் காலியாகும். அவ்ளோதான் வித்தியாசம்.

வேப்பேரி மூணாவது வருஷம்:
அப்படி ஒதுக்கிட முடியாது சார். 1973லயே நுர்மியும் ரன்டாலாவும் பின்லாந்துல காட்டிட்டாங்க. வளர்ந்த கோழியோட குடல் பாக்டீரியாவை ஒரு நாள் குஞ்சுக்குக் குடுத்தா சால்மொனெல்லாங்கற நோய்க் கிருமியால அங்க காலூன்ற முடியல. தாய்க்கோழியோட மேயுற குஞ்சுக்கு இது எச்சத்துலயே கிடைச்சிடும். இன்குபேட்டர் குஞ்சுக்குக் குடல் காலி பஸ் மாதிரி. முதல்ல யார் துண்டு போடுறாங்களோ அவங்களுக்கு சீட்டு.

கொடுங்கையூர்க்காரன்:
துண்டு போட்டவன் பிக்பாக்கெட்டா இருந்தா?

ராயபுரம் ரிட்டயர்டு:
விளையாட்டா கேட்டாலும் சரியான கேள்வி. நான் லேப்ல இருந்தவன். மனுஷங்களுக்கு விக்கிற நல்ல பாக்டீரியா லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி. அதுல ஒரு ஸ்ட்ரெயின்ல, அதாவது அந்த இனத்துக்குள்ள ஒரு தனி வகையில, ரெண்டு பிளாஸ்மிட் இருந்துது. பிளாஸ்மிட்னா குரோமோசோமுக்கு வெளிய தனியா சுத்துற, இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாறக்கூடிய குட்டி டிஎன்ஏ வளையம். ஒண்ணுல டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குற ஜீன், இன்னொண்ணுல லிங்கோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குற ஜீன். ரெண்டு பிளாஸ்மிட்டையும் கழட்டிட்டுத்தான் டிஎஸ்எம் 17938னு புது நம்பர் போட்டாங்க. நல்ல பாக்டீரியாவேதான், ஆனா மடியில கனம் இருந்துது.

வேப்பேரி மூணாவது வருஷம்:
ஒத்துக்கறேன் சார். ஆனா மருந்தைத் தாங்குற எதிர்ப்பு இருந்தாலே ஆபத்துன்னு சொல்லக்கூடாது. நிறைய லாக்டோபேசில்லஸுக்கு வான்கோமைசின் வேலை செய்யாது. அதோட செல் சுவர்ல அந்த மருந்து ஒட்டுற இடமே வேற அமைப்பு. அது பிறவிக் குணம், பக்கத்து பாக்டீரியாவுக்குப் போகாது. ஜீன் எங்க உக்காந்திருக்குங்கறதுதான் விஷயம். குரோமோசோம்ல இருந்தா பட்டா நிலம், பிளாஸ்மிட்ல இருந்தா கைமாத்து.

ராயபுரம் ரிட்டயர்டு:
பட்டா நிலமும் கை மாறும்மா! டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஜீனை தூக்கிட்டுப் போற டிஎன் 916ங்கற தாவுற டிஎன்ஏ துண்டு குரோமோசோம்லதான் உக்காந்திருக்கும், ஆனா கிளம்பி வேற பாக்டீரியாவுக்குப் போயிடும். அதுக்குத்தான் ஐரோப்பாவுல தீவனத்துல சேர்க்குற பாக்டீரியாவோட முழு ஜீனோமையும் கேக்குறாங்க. என்டெரோகாக்கஸ் ஃபீசியம்ங்கற பாக்டீரியான்னா இன்னும் கெடுபிடி. அதே இனம்தான் ஆஸ்பத்திரி ஐசியூலயும் சுத்துது.

கொடுங்கையூர்க்காரன்:
ஐரோப்பா கதை எனக்கும் தெரியும் சார். டென்மார்க்ல வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் போடுறதை நிறுத்தினதும் பால் மறந்த பன்னிக்குட்டிக்குக் கழிச்சல் கூடி, வைத்தியத்துக்குப் போட்ட மருந்து ஏறிச்சே, அதை யாரும் சொல்ல மாட்டீங்க. கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்கை நான் மூட்டை மூட்டையா வித்திருக்கேன். யாருக்கு என்ன ஆச்சு?

வேப்பேரி மூணாவது வருஷம்:
வைத்தியத்துக்குப் போட்டது ஏறினது நிஜம். மொத்தக் கணக்கு குறைஞ்சதும் நிஜம். கோலிஸ்டினுக்கு என்ன ஆச்சுன்னா, அதைத் தாங்குற எம்சிஆர்-1 ஜீன் பிளாஸ்மிட்ல இருக்கறதை 2015ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க. பன்னிலயும் இருந்துது, ஆஸ்பத்திரி நோயாளிகிட்டயும் இருந்துது. ஐசியூல கடைசியா கையில எடுக்குற மருந்து சார் அது. 2019 ஜூலைல இங்கயும் கால்நடைக்குத் தடை பண்ணிட்டாங்க.

கொடுங்கையூர்க்காரன்:
சரிம்மா. கோலிஸ்டின் விஷயத்துல வாயை மூடிக்கறேன். பாக்கெட் விஷயத்துல இல்ல.

ராயபுரம் ரிட்டயர்டு:
புழல்காரரே, பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கு? எந்தத் தண்ணில கலக்குறீங்க?

புழல் ஏரிக்கரை:
"லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட்"னு இருக்கு. நம்பர் எதுவும் இல்ல சார். தண்ணி மெட்ரோ லாரிதான், குடத்தைத் திறந்தாலே பிளீச்சிங் பவுடர் வாடை.

ராயபுரம் ரிட்டயர்டு:
அப்போ லாக்டோபேசில்லஸ் குடத்துலயே செத்துடும். பேசில்லஸ் ஸ்போரா, அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற நிலையில இருந்தா, தாக்குப்பிடிக்கும். ஸ்ட்ரெயின் நம்பர் இல்லாததால அது எந்த ஸ்ட்ரெயின், என்ன ஜீனைச் சுமக்குதுன்னு பாக்க வழியில்ல. என் கூண்டா இருந்தா போட மாட்டேன்.

வேப்பேரி மூணாவது வருஷம்:
அண்ணே, இதை முதல்லயே கேட்டிருக்கணும். அந்த 11ல ஒண்ணையாவது அறுத்துப் பார்த்தீங்களா? குடல் உள்பக்கம் பழைய டர்க்கி டவல் மாதிரி சொரசொரன்னு இருந்தா கிளாஸ்ட்ரிடியம்ங்கற குடல் பாக்டீரியா, அதுக்கு நல்ல பாக்டீரியா பத்திப் பேசலாம். நீங்க பச்சைக் கழிச்சல்னு சொன்னீங்க. கழுத்து திருகிக்கிச்சா? ராணிக்கெட் தடுப்பூசி போட்டிருக்கா?

புழல் ஏரிக்கரை:
அறுக்கல, புதைச்சிட்டேன். தடுப்பூசி போடலம்மா. ரெண்டு கோழிக்குக் கழுத்து திருகிச்சு.

கொடுங்கையூர்க்காரன்:
அய்யோ. ராணிக்கெட்டுன்னா அது வைரஸ்ணே. என் மருந்தும் கேக்காது, அந்தப் பாக்கெட்டும் கேக்காது.

வேப்பேரி மூணாவது வருஷம்:
அறிகுறி அப்படித்தான் இருக்கு, அறுத்துப் பாத்தாதான் உறுதி. அடுத்தது செத்தா புதைக்காதீங்க. ரெண்டு கவர் போட்டுக் கட்டி, ஐஸ் வெச்சு எங்க வெட்டினரி காலேஜுக்குக் கொண்டு வாங்க.

புழல் ஏரிக்கரை:
இப்பவே ஒண்ணு மூலையில தலையைப் பின்னாடி மடிச்சுக்கிட்டு சுத்துது. காலையில எத்தனை மணிக்கு வரணும்?