புதுப்பிப்பு: 41 வாரத்தில் வலி வரவழைத்த பிரசவம், டர்பன், தென்னாப்பிரிக்கா (சுகப்பிரசவம்!)

41 வாரம் ஆகியும் வலி வரவில்லை, மருந்து கொடுக்கப் போகிறார்கள், சிசேரியனில்தான் முடியுமோ என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை விடியற்காலை பெண் குழந்தை, 3.2 கிலோ, சுகப்பிரசவம்.

வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கர்ப்பப்பை வாய் இறுகித்தான் இருந்தது. வலி வரவழைக்கும் மருந்தான மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 மில்லி குடிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் அளந்து தந்தார். இடையிடையே வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள்.

நான் எதிர்பார்க்காதது இந்தக் காத்திருப்பைத்தான். முதல் நாள் முழுக்க மாதவிடாய் வலி போல லேசாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் கர்ப்பப்பை வாயை விரிக்கச் சின்ன பலூன் ஒன்றை உள்ளே வைத்த பிறகே அது திறக்க ஆரம்பித்தது. அப்புறம் பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் போட்டதும் வலி ஒரேயடியாக ஏறியது.

அப்போது கைகொடுத்தது, "படுத்தே கிடக்காதே, உட்கார்ந்து முன்னால் சாய்ந்துகொள்" என்று ஓர் அக்கா எழுதியதுதான். கட்டிலோரம் உட்கார்ந்து மாமியார் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் அதிகம் பேச வராது. "முருகா, முருகா" என்றபடியே என் இடுப்பைத் தேய்த்துவிட்டார். அந்தக் கைச்சூடு இன்னும் நினைவிருக்கிறது.

எபிடியூரல் (முதுகு வழியாக மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது) நான் சேர்ந்த இடத்தில் கிடைக்கவில்லை, வலிக்குச் சாதாரண ஊசிதான். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் ஆகாது.