நீரின் பரவல் குணகம்: கணினியில் 5.2, அளவீட்டில் 2.3 – ஏன்?

கேள்வி (இறுதியாண்டு மாணவன், யாழ்ப்பாணம்)

வணக்கம். பௌதிகவியல் ஆய்வேட்டுக்காக ஒரு சிறு கணினிப் பெட்டிக்குள் 512 நீர் மூலக்கூறுகளை, டிப்3பி (TIP3P) என்ற நீர் மாதிரியில், 25 பாகை செல்சியசில், மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணிக்கும் குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டினேன். ஒட்சிசன் அணுக்களின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியை நேரத்துக்கு எதிராக வரைந்து, கோட்டின் படித்திறனை 6 ஆல் வகுத்தபோது, பரவல் குணகம் (மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு) செக்கனுக்கு 5.2×10⁻⁹ சதுர மீற்றர் என வந்தது. அளவிடப்பட்ட பெறுமானமோ 2.3×10⁻⁹ ஆகும். பெட்டி சிறிதாக இருப்பதுதான் காரணமா? நீரில் நியூத்திரன்களைச் சிதறவிட்டு அளக்கும் நியூத்திரன் சிதறல் முடிவுகளோடு இதை எவ்வாறு ஒப்பிடுவது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்)

தம்பி, பெட்டியின் மீது பழி போட முடியாது. சிறிய பெட்டியில் மூலக்கூறு பக்கத்துப் பெட்டிகளாக மீண்டும் மீண்டும் வைக்கப்படும் தன் பிரதிபிம்பங்களாலேயே இழுபடுவதால் பரவல் குறைந்துதான் தெரியும். ஆகவே திருத்தம் செய்தால் உங்கள் எண் இன்னும் ஏறும். ஏறத்தாழ 2.5 நனோமீற்றர் பக்கமுள்ள பெட்டிக்கு, பெட்டி அளவுத் திருத்தச் சூத்திரத்தில் டிப்3பியின் சொந்தப் பிசுக்குமையை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மையை) இட்டுக் கணித்தால் 6ஐ நெருங்குவீர்கள். அந்தச் சூத்திரத்தில் உண்மை நீரின் பிசுக்குமையை இடுவது பலர் விடும் தவறு. குறை மாதிரியில் உள்ளது: டிப்3பி நீர் மிக விரைவாக ஓடும். எஸ்பிசி/ஈ அல்லது டிப்4பி/2005 மாதிரியை எடுங்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறித்தும் கவலை வேண்டாம். 1971இல் ஆய்வாளர்களான ரஹ்மானும் ஸ்டில்லிங்கரும் 216 மூலக்கூறுகளைக் கொண்டே திரவ நீரை ஆராய்ந்தார்கள்.

மறுமொழி 2 (பழைய மாணவி)

மாதிரி பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் ஒரேயோர் எண்ணை மட்டும் ஒப்பிடுவது நியூத்திரனின் வளத்தை வீணாக்குவதாகும். ஐதரசனின் சிதறல் குறுக்குவெட்டு (நியூத்திரனைச் சிதறடிக்கும் வாய்ப்பின் அளவு) ஏறத்தாழ 80 பார்ன், ஒட்சிசனுடையது 4 பார்ன் அளவே. எனவே சாதாரண நீரில் கருவி பெரும்பாலும் ஐதரசன்களையே பார்க்கிறது. அதுவும் அயல் அணுக்களின் செய்தி பெரிதும் கலவாமல், ஒவ்வொன்றும் தனித்து நகர்வதைப் பார்க்கிறது. மூலக்கூறு அசையாதிருந்தால் சிதறிய நியூத்திரன்களின் ஆற்றல் நிறமாலையில் கூராக நிற்கவேண்டிய உச்சி, அது பரவும்போது அகன்று விடுகிறது. அந்த அகலம் உந்தமாற்றத்தின் (சிதறலில் நியூத்திரனின் உந்தம் மாறும் அளவின்) வர்க்கத்துக்கு நேர்விகிதமாக வளரும். ஓர் அங்ஸ்ட்ரோமின் நேர்மாறு அளவான உந்தமாற்றத்தில், நீருக்கு அரையகலம் சுமார் 0.15 மில்லி இலத்திரன்வோல்ற்று, அதாவது 4 பிக்கோசெக்கன் அளவில் தேயும் ஓர் இயக்கம். உந்தமாற்றம் கூடியதும் நேர்கோடு வளைந்து தட்டையாகத் தொடங்கும். மூலக்கூறு ஓரிடத்தில் சிறிது தங்கித் தாவுவதும், ஐதரசன் சுழல்வதும் அங்கேதான் வெளிப்படும்.

ஆகவே ஒட்சிசனை விட்டு ஐதரசன்களின் பாதைகளை எடுத்து, இடைநிலைச் சிதறல் சார்பைக் (அணு தன் தொடக்க நிலையோடுள்ள தொடர்பை நேரத்தோடு எவ்வாறு இழக்கிறது என்பதைக் காட்டுவது) கணித்து, அதை ஆற்றல் அச்சுக்கு மாற்றி, கருவியின் பிரிதிறனையும் (அது தானாகச் சேர்க்கும் மங்கலையும்) அதில் கலந்த பின்னர், வெளியிடப்பட்ட நிறமாலையின் மேல் வைத்துப் பாருங்கள். ஆள்கூறுகளை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சேமித்தீர்கள்?

மறுமொழி 3 (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. கோப்பு பெருத்துவிடும் என்று 10 பிக்கோசெக்கனுக்கு ஒருமுறைதான் சேமித்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் தேய்வு, எனது இரண்டாவது சேமிப்பு வருமுன்னரே முடிந்து விடுகிறது. எஸ்பிசி/ஈ மாதிரியில், 0.1 பிக்கோசெக்கன் இடைவெளியில், இன்றிரவே மீண்டும் ஓட்டுகிறேன்.