கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளி: பாலிஷ் போட்டும் போகவில்லை, என்ன செய்யலாம்?

கேடிசி நகர் (கேள்வி)

வணக்கம். வீடு பாளையங்கோட்டை கேடிசி நகரில். ஐந்து வருஷம் ஓடிய கறுப்புக் கார், வாரம் ஒருமுறை வாசலில் நிறுத்தி நானேதான் கழுவுகிறேன். போர் தண்ணீரை ஓஸில் அடித்து, வாளியில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து ஸ்பாஞ்சால் தேய்த்து அலசிவிட்டு, வெயிலில் தானாகக் காய விடுவது வழக்கம். காய்ந்ததும் பானெட், கூரை, கண்ணாடி எங்கும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. கடையில் கொடுத்த பாலிஷைப் போட்டால் ஓரிரு நாள் மினுங்குகிறது. அடுத்த தடவை கழுவியதும் பழைய கதைதான். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறலும் தெரிகிறது.

ஆர்.ஓ. சர்வீஸ்காரர் எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1400 என்றார். பெயின்டைத் தேய்த்து எடுக்கும் ரப்பிங் காம்பவுண்டு போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? ஆர்.ஓ.விலிருந்து வெளியே போகும் தண்ணீரில் கழுவினால் புள்ளி விழாதா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வர வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை.

வண்ணார்பேட்டை

தம்பி, காம்பவுண்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. புள்ளி தண்ணீரால் வருவது, கீறல் தேய்ப்பதால் வருவது.

குடிநீருக்கு இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் சொல்லும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். உங்கள் தண்ணீரில் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எங்கே போகும்? பெயின்ட் மேலேயே படிந்து நிற்கும். சுடும் பானெட்டில் அது இன்னும் இறுகிக்கொள்ளும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதல். அதில் கழுவவே கழுவாதீர்கள்.

முதலில் காரை நிழலில் நிறுத்தி நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, புள்ளி இருக்கும் ஒரு சாண் இடத்தில் மட்டும் வையுங்கள். ஒரு நிமிஷம் போதும், காய விடக்கூடாது. மெதுவாகத் துடைத்து நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். புள்ளி கரைந்துவிட்டால் அது வெறும் உப்புப் படிவு, மற்ற இடங்களுக்கும் இதையே செய்யலாம். வினிகர் பெயின்டைக் காக்கும் பழைய வேக்ஸையும் (மெழுகுப் பூச்சு) கொண்டு போய்விடும் என்பதால் கடைசியில் புதிதாக வேக்ஸ் போட வேண்டியிருக்கும்.

திசையன்விளை

கீறலைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் தேரி மணல். ஆனி, ஆடிக் காற்றில் கார் முழுக்கச் செம்மண் பூசியிருக்கும். அதன் மேல் துணியைப் போட்டுத் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். காரைத் தொடும் முன் வெறும் தண்ணீரிலேயே மண்ணை இறக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே அடித்து வாருங்கள், சக்கரத்தைத் தனித் துணியால் கடைசியில் பாருங்கள்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள், அப்புறம் ஒற்றை வாளியில் கழுவ மனசே வராது. பாத்திர லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது. வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

தென்காசி

கூடவே ஒன்று. காற்று காலத்தில் ஒரு பக்கம் தேய்ப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். விடிந்ததும் வெயில் ஏறும் முன் கழுவுங்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரை ராத்திரி வாளியில் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது, உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரம் இருக்கும்போதே துவாலையை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

கேடிசி நகர்

அண்ணாச்சி எல்லோருக்கும் நன்றி. வினிகர் வைத்துப் பார்த்தேன். கதவிலும் கண்ணாடியிலும் சுத்தமாகப் போய்விட்டது. ஏ.சி. தண்ணீரில் அலசித் துடைத்ததில் புதுப் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. ஆனால் பானெட்டில் சில வட்டங்கள் அப்படியே நிற்கின்றன. நகத்தால் தடவினால் ஓரம் லேசாகத் தட்டுகிறது. திரும்ப வினிகர் வைக்கவா?

வண்ணார்பேட்டை

வேண்டாம் தம்பி. தட்டுகிறது என்றால் உப்பு மேல் பூச்சை அரித்துப் பள்ளம் விழுந்துவிட்டது. அங்கே வினிகர் கரைக்க ஒன்றுமில்லை. பள்ளம் மறைய வேண்டுமானால் சுற்றியுள்ள பூச்சையும் அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும், பாலிஷ் செய்வது அதைத்தான். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எடுத்தது திரும்ப வராது.

அதனால் காம்பவுண்டுக்குப் போகாமல், மிருதுவான ஃபினிஷிங் பாலிஷை ஃபோம் பேடில் கொஞ்சமாக எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாகக் கையால் போடுங்கள். பானெட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது, அங்கே அழுத்தாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கு மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பாலிஷ் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை போட்டும் வட்டம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் டீடெய்லிங் கடையில் (காரைத் துலக்கி மெருகேற்றும் கடை) காட்டி, அளந்து பார்த்த பிறகே மெஷின் வைக்கச் சொல்லுங்கள். அளக்காமல் மெஷினை எடுப்பவரிடம் காரை விடாதீர்கள்.

பாலிஷ் முடிந்ததும் வேக்ஸ் மெல்லிசாக ஒரு கை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னே முடித்துவிடுங்கள். பூ ஒட்டும்போது செல்லோ டேப்பை நேரடியாக பெயின்டில் ஒட்ட விடாதீர்கள், வெயிலில் பசை இறங்கிவிடும். ரிப்பன் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.