ஃபுட்பிரின்ட்: கால்தடமா, அமர்விடமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் எழுதும் கையேட்டில் ஃபுட்பிரின்ட் முதலான சொற்களுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. அதற்கு முன், சொந்தப் பாகங்களுக்கு லைப்ரரி (பாகங்களின் வரைபடத் தொகுப்பு) அமைப்பது பற்றிய அந்தக் கையேட்டை, சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள்களான கீகேடை வைத்து எழுதுவதா, ஈகிளை வைத்து எழுதுவதா என்ற பேச்சை முடித்துவிடலாம். ஈகிளின் இலவசப் பதிப்பில் போர்டு 80 சதுர செ.மீ. தாண்டக்கூடாது, செப்பு அடுக்கும் இரண்டுதான். அந்த ஈகிளையும் 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023-லேயே அறிவித்துவிட்டது. கீகேடில் அப்படி அளவுக் கட்டுப்பாடு கிடையாது. அதன் லைப்ரரிக் கோப்புகள் வெறும் உரைக் கோப்புகள் என்பதால் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) போட்டு வைத்து, யார் எந்தப் பேடை (பாகத்தின் காலைச் சால்டர் செய்யும் செப்புப் பகுதி) நகர்த்தினார் என்று வரிவரியாகப் பார்க்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஃபுட்பிரின்டுக்கு, அதாவது ஒரு பாகத்தைச் சால்டர் செய்வதற்காகப் போர்டில் வரைந்துவைக்கும் இடத்துக்கு, 'கால்தடம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ஐசியின் பின்னை நாம் கால் என்றே சொல்வதால் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் போர்டில் ஓடும் செப்புக் கோட்டுக்கு, அதாவது டிராக்குக்கு, ஏற்கெனவே 'தடம்' என்று வைத்திருக்கிறோம். "தடத்தைக் கால்தடத்தோடு இணைக்கவும்" என்று எழுதினால் படிக்கிறவர் பாவம். தவிர, கால்தடம் என்பது நடந்துபோன பிறகு விழுவது. இங்கே பாகம் வந்து சேருவதற்கு முன்பே இடம் வரைந்தாகிவிடுகிறது.

என் பரிந்துரை 'அமர்விடம்'. சால்டர் செய்யும் மேசையில் "ஐசி சரியா உட்காரல" என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பேச்சிலிருந்தே சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 'இருக்கை'யும் யோசித்தேன், அது ஐசி சாக்கெட்டுக்குத்தான் பொருந்தும்.

இன்னொருவர் பேக்கேஜ் (பாகத்தின் உடம்பு), ஃபுட்பிரின்ட் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்றார். அதை ஏற்க முடியவில்லை. சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்தால் இரண்டு துளைகளுக்கும் இடையே 10.16 மி.மீ. விடலாம், நிற்க வைத்தால் 2.54 மி.மீ. போதும். உடம்பு ஒன்று, அமர்விடம் இரண்டு. (படுத்திருப்பதற்கும் அமர்விடமா என்று கேட்காதீர்கள்.) எனவே பேக்கேஜுக்குக் 'கூடு' என்று தனியாக வைப்போம்.

சிம்பலுக்கும், அதாவது சர்க்யூட் வரைபடத்தில் பாகத்தைக் காட்டும் படத்துக்கும், தனிச்சொல் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிசி547, 2என்3904 இரண்டும் என்பிஎன் டிரான்சிஸ்டர்கள். சிம்பல் ஒன்றே, டிஓ-92 கூடும் ஒன்றே, அமர்விடமும் ஒன்றே. ஆனால் தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பிப் பிடித்தால், முன்னதில் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். கீகேட் சிம்பலின் பின் எண்ணையும் பேடின் எண்ணையும் மட்டுமே பொருத்திப் பார்க்கும். எண் மாறியிருந்தால் மென்பொருளின் விதிச் சோதனை ஒரு பிழையும் காட்டாது, போர்டு அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். கையேட்டில் 'குறி', 'அமர்விடம்', 'கூடு' என்று மூன்றையும் பிரித்து எழுதினால்தான் எது எதோடு பொருந்த வேண்டும் என்பதையே விளக்க முடியும். 'குறியீடு' வேண்டாம், அதை நிரல் எழுதுகிறவர்கள் கோடுக்கு (code) எடுத்துக்கொண்டார்கள்.

லைப்ரரிக்கு 'நூலகம்' போதும், புதிதாகத் தேட வேண்டாம். 0603 போன்ற, சின்னப் பாகங்களின் அளவுப் பெயர்களைத் தொடவே வேண்டாம். அங்குலக் கணக்கில் அது 1.6 × 0.8 மி.மீ., மெட்ரிக் கணக்கில் 0.6 × 0.3 மி.மீ.; ஏற்கெனவே போதுமான குழப்பம் இருக்கிறது.

மிச்சமிருப்பது பேட். 'திட்டு' என்று போடலாமா? பச்சைப் பூச்சுக்கு நடுவே தனித்தனியாகத் தெரியும் செப்புக்கு அது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். ஆனால் "திட்டு எண்" என்று எழுதும்போது கொஞ்சம் இடிக்கிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பேட் என்றே விட்டுவிடுகிறேன்.